பச்சை என்று நினைத்து ஏறிய பஸ்

எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதை யாரிடம் சொன்னாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். கையில் இருப்பதைத் தூக்கிக் காட்டி, “அப்ப இது என்ன கலர்ங்க?” என்று கேட்பார்கள். பேனா, செல்போன் உறை, வெற்றிலை, ஒருமுறை இடுப்பில் இருந்த குழந்தையின் கவுன். நானும் ஏதாவது சொல்லிவைப்பேன். சரியாகிவிட்டால் ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். தவறாகிவிட்டால் பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டு, அவர் முன்னால் இன்னொரு தடவை கேட்பார்கள். காது மந்தமானவரிடம் யாரும் இப்படிப் பாட்டுப் போட்டுப் பரீட்சை வைப்பதில்லை.

இது எனக்கே தெரியவந்தது இருபத்து மூன்று வயதில். ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இனிப்புக் கொடுத்தாகிவிட்டது. கண் பரிசோதனையில் மருத்துவர் ஒரு புத்தகத்தை என் முன்னால் விரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். “நம்பரைப் படிங்க” என்றார். புள்ளிகளை எண்ணச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டும்போது அவர் மெதுவாகப் புத்தகத்தை மூடினார். மற்றவர்களுக்கு அந்தப் புள்ளிகளுக்குள் ஓர் எண் தெரியுமாம். பிறவியிலேயே இப்படித்தான், மருந்து கிடையாது, மற்றபடி ஆள் நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ரயில் ஓட்ட இரண்டு நிறம் தெரிந்தால் போதும். அந்த இரண்டுக்கே தேறாத நான், அடுத்த மாதமே ஆயிரம் நிறம் புழங்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தேன். வேறு எங்கு போவது? எங்கள் பக்கம் ரயில் இல்லையென்றால் பனியன்தான்.

நல்லூரைத் தாண்டி இருக்கிற அந்தக் கம்பெனியில் முதலில் நூல் ஸ்டோரில் போட்டார்கள். சட்டைக்குப் பொருந்துகிற தையல் நூலை எடுத்துக் கொடுக்க வேண்டும். என் கைராசியால் ஒரு பச்சை டீ-சர்ட் ஆர்டர் முழுக்கக் காப்பிக்கொட்டை நிற நூலில் தையல் ஓடியது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அதை டிசைன் என்று நினைத்து ஒப்புக்கொண்டது என் நல்ல நேரம். பிறகு செக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். கறையே தெரியாத ஆளைக் கறை பார்க்கப் போட்டால் எல்லாப் பீஸும் பாஸ். அங்கிருந்து பேக்கிங். ஒவ்வொரு இடத்திலும் நான் என் குறையைச் சொல்லத்தான் செய்தேன். கேட்டவர்கள் பேனாவைத் தூக்கிக் காட்டிப் பரீட்சை வைத்துவிட்டு அதோடு மறந்துபோவார்கள். கடைசியில் என்னை டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள். தொழிலாளர்களைக் காலையில் கூட்டிவந்து மாலையில் கொண்டுபோய்விடுகிற பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பஸ்ஸுக்கு நாலு சக்கரமும் ஒரு டிரைவரும் இருந்தால் போதும், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பத்து வருடம் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் எங்கள் முதலாளியின் மருமகள். படித்தவர், சுறுசுறுப்பானவர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர். கம்பெனிக்கு வந்த சில மாதத்திலேயே அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார். வடக்கேயிருந்து வந்த ஆட்கள் பெருகிவிட்டார்கள். பஸ்ஸில் ஒட்டியிருக்கும் ‘வெள்ளகோவில்’, ‘உடுமலை’, ‘பல்லடம்’ என்ற தாள்களை அவர்களால் படிக்க முடியவில்லை. வாரம் ஒருவராவது தப்பான பஸ்ஸில் ஏறிவிடுகிறார்.

“பேசாம கலர் கோட் பண்ணிரலாம் சார்” என்றார். “ஒரு ரூட்டுக்கு ஒரு கலர். பஸ் கண்ணாடியில பெரிய வட்டமா ஸ்டிக்கர், கேட் பக்கத்துல அதே கலர்ல ஒரு போர்டு. படிக்கவே தேவையில்ல. கலர் எல்லாருக்கும் புரியும்ல?”

எல்லாருக்கும் என்றபோது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“மேடம், எனக்கு இந்தக் கலர் விஷயம் மட்டும் கொஞ்சம்…” என்று இழுத்தேன்.

“அதப் பத்திக் கவலைப்படாதீங்க சார். கலரெல்லாம் நானே செலக்ட் பண்ணிட்டேன். நீங்க ஒட்ட வெச்சாப் போதும்.”

ரசனை இல்லாதவன் என்று நான் கூச்சப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பல்லடத்துக்கு மஞ்சள், உடுமலைக்குச் சிவப்பு, வெள்ளகோவிலுக்குப் பச்சை. மஞ்சள் எனக்குப் பளிச்சென்று தெரியும். மற்ற இரண்டும் ஒரே பாத்திரத்தில் கொதித்த இரண்டு டம்ளர் டீ மாதிரி இருந்தன. ஒன்று கொஞ்சம் அதிகம் கொதித்தது, அவ்வளவுதான்.

ஆனால் திட்டம் அருமையாக வேலை செய்தது. தப்பாக ஏறுவது நின்றேபோனது. மாதக் கூட்டத்தில் மேடம் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். திருப்பூரில் நிறத்துக்காகக் கைதட்டு வாங்கிய ஒரே நிறக்குருடன் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குப் பஸ்ஸைக் கண்டுபிடிக்க ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. நான் தினமும் போய்வருவது வெள்ளகோவில் பஸ். அதன் முன்கண்ணாடியில் ஓரமாக ஒரு விரிசல், டிரைவர் சீட்டில் ஒரு பூப்போட்ட துண்டு. உடுமலைப் பஸ்ஸின் ஹாரன் கன்றுக்குட்டி கத்துவதுபோல இருக்கும். அதோடு நிற்கும் வரிசை மாறாது. கேட்டிலிருந்து முதலில் பல்லடம், அடுத்து உடுமலை, மூன்றாவது வெள்ளகோவில். சிக்னலிலும் எனக்கு இதே கணக்குதான். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. அது சிவப்பா பச்சையா என்று பார்ப்பதில்லை. படுக்கைவாட்டில் சிக்னல் வைத்திருக்கிற ஊர் எங்காவது இருந்தால் அங்கே நான் வண்டி ஓட்டக் கூடாது.

மற்ற இடங்களில் பாடு கொஞ்சம் அதிகம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத வண்டிக்கு முகத்தில் பிங்க் அடித்திருக்கிறார்கள். “பிங்க் பஸ்ஸா வந்தாச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு என் மனைவி நிழலில் போய் நின்றுகொள்வாள். எனக்கு அந்த பிங்க், அழுக்குத் தண்ணீரில் அலசிய நீலமாகத் தெரியும். மூன்று வண்டியை விட்டிருக்கிறேன். சில பஸ்களில் கறுப்புப் பலகையில் சிவப்பு விளக்கால் ஊர்ப் பெயர் ஓடுகிறது. வெயிலில் எனக்கு அது வெறும் கறுப்புப் பலகை. ஒருமுறை ரயிலில், கழிவறைக்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு, காலியான கழிவறைக்கு வெளியே ஈரோட்டிலிருந்து சேலம் வரை நின்றேன். எனக்குப் பின்னால் இருவர் வேறு வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்றவர்தான் தள்ளிப் பார்த்தார்.

இப்படியிருக்க, ஐப்பசி மழையில் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பஸ்களில் இரண்டு, தகுதிச் சான்று வாங்க எஃப்.சி. காட்டப் போயிருந்தன. வெள்ளகோவில் வண்டியும் உடுமலை வண்டியும்தான் அவை. பதிலுக்கு வாடகைக்கு இரண்டு வண்டி வந்தது. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு, புது டிரைவர்கள். ஊர்ப் பெயர்த் தாளும் ஒட்டட்டுமா என்று வாட்ச்மேன் கேட்டார். “ஸ்டிக்கர் மட்டும் போதும்ங்க, நம்ம ஆளுகளுக்கு அது பழகிப்போச்சு” என்று பெருமையாகச் சொன்னது நான்தான். சாயங்காலம் மழை கொட்டியது. கேட்டுக்கு உள்ளே வண்டி நிற்கும் இடமெல்லாம் முழங்கால் தண்ணீர். பஸ்கள் வெளியே ரோட்டோரத்தில் வந்த வரிசையில் நின்றன. விரிசல் இல்லை, துண்டு இல்லை, கன்றுக்குட்டி இல்லை, வரிசையும் இல்லை.

நான் குடையோடு நின்று இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கென்று ஒரு சூத்திரம் உண்டு. இரண்டில் எது அதிகம் கருத்துத் தெரிகிறதோ அது சிவப்பு. பகலில் பெரும்பாலும் அது பலிக்கும். அன்று மேகம் கவிந்து, தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் விழுந்து, கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற வண்டியின் வட்டம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. சரி, இதுதான் பச்சை என்று முடிவு கட்டினேன்.

யாரையாவது கேட்டிருக்கலாம். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ், தான் போகும் பஸ் எது என்று ஊரைக் கேட்பதா?

அப்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். இருவரும் காங்கேயத்தில் இறங்குகிறவர்கள், தினமும் என்னோடு வருகிறவர்கள். ஒருவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட அம்மா, சட்டைக் கை மடித்துத் தைக்கும் பிரிவில் வேலை. இன்னொருத்தி ஒடிசாப் பெண், வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது.

“சார், நம்ம வண்டி எது சார்?” என்றார் மதுரை அம்மா.

“இதுதாங்க, ஏறுங்க ஏறுங்க, நனையாதீங்க” என்றேன்.

ஒடிசாப் பெண் ஸ்டிக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அண்ணா, இது லால். நம்ம பஸ் ஹரா” என்றாள்.

லால் என்றால் சிவப்பு, ஹரா என்றால் பச்சை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். எது லால், எது ஹரா என்பதுதான் தெரியாது.

“ஹராதாம்மா. மழையில அப்படித் தெரியுது. நாந்தானே இதுக்கெல்லாம் இன்சார்ஜ்” என்றேன்.

அவள் இன்னொரு தடவை ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஏறினாள். வேறு ஊரில் வேலை செய்கிறவளுக்கு, மேலதிகாரி பச்சை என்றால் பச்சைதான்.

பஸ்ஸுக்குள் ஏறியதும் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை கலகலவென்று கேட்ட பேச்சு சட்டென்று அடங்கியது. செல்போனில் பாட்டு வைத்திருந்தவர் அணைத்தார். சீட்டின்மேல் காலை நீட்டியிருந்தவர் இறக்கினார். முன்சீட்டில் இருந்தவர் எழுந்து, “இங்க உக்காருங்க சார்” என்று இடம் கொடுத்தார். பாதி முகங்கள் புதிதாகத் தெரிந்தன. ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஆட்கள் இன்று என்ன மரியாதையாக இருக்கிறார்கள் என்று மகிழ்ந்து உட்கார்ந்தவன், வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்குவது என் இன்னொரு திறமை.

விழித்தபோது மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, இருட்டத் தொடங்கிய வானத்தில், பெரிய பெரிய காற்றாலைக் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றல்ல இரண்டல்ல, கண்ணுக்கெட்டிய வரை. நம் வழியில் எப்போது இவ்வளவு வைத்தார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. காலையில் வரும்போது இல்லையே என்று அடுத்துத் தோன்றியது. மூன்றாவதாகத் தென்னந்தோப்புகள் வர ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எனக்கு இடம் கொடுத்தவர் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். அவரிடம் குரலைத் தாழ்த்தி, “ஏனுங்க, இந்த வண்டி எங்க போகுதுங்க?” என்று கேட்டேன்.

அவர் விறைப்பாக நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். “உடுமலைங்க சார். ரெட் கலர்ங்க சார். எல்லாரும் கரெக்டா பாத்துத்தான் ஏறுனோம்ங்க.”

நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருப்பதாக வண்டி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. பல்லடத்தைத் தாண்டிய பிறகும் அதனால்தான் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மதுரை அம்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒடிசாப் பெண் விழித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாள். கோபமெல்லாம் இல்லை. “அண்ணா, நான் சொன்னேன்” என்றாள். “லால்.”

“ஆமாம்மா” என்றேன். “லால்தான்.”

மதுரை அம்மாவை எழுப்பி விஷயத்தைச் சொன்னபோது, அவர் ஜன்னலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். “என்ன சார் இது. எம்புள்ள பக்கத்து வீட்டுல இருக்கா சார். வெரசாப் போகணும்னுதானே மழையில ஓடியாந்தேன். பச்சைக்கும் செவப்புக்குமா உங்களுக்கு வித்தியாசம் தெரியல?”

“தெரியாதுங்கம்மா” என்றேன். “நெசமாவே தெரியாது. பொறப்புல இருந்தே.”

அவர் கோபத்தில் கேட்டது. அதற்கு இப்படி நேரான பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு தன் சேலைத் தலைப்பை இழுத்துக் காட்டி, “இது என்ன கலரு?” என்றார். அந்த இக்கட்டிலும் பரீட்சை நிற்கவில்லை. நான் பழுப்பு என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நடுவில் இறங்கினால் ஈரத்தில் நிற்க வேண்டும். உடுமலை வரை போய், தாராபுரம் வண்டியைப் பிடித்து, அங்கிருந்து காங்கேயம் போகலாம் என்று முடிவு செய்தோம். ஒடிசாப் பெண் தன் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் காங்கேயம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறவன். இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். எனக்கு இந்தியில் தெரிந்தது நிறங்களின் பெயரும், ஆமாம் என்பதற்கு ‘ஹா’வும் மட்டும்தான். அவன் ஏதோ கேட்டான், “ஹா ஹா” என்றேன். இன்னொன்று கேட்டான், அதற்கும் “ஹா”. ஒடிசாப் பெண் பதறிப் போனைப் பிடுங்கினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை உடுமலைக்கு மாற்றிவிட்டீர்களா என்பது முதல் கேள்வியாம். இனிமேல் அவள் அங்கேதான் தங்க வேண்டுமா என்பது இரண்டாவதாம்.

உடுமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோதுதான் என் நிலைமை முழுதாகத் தெரிந்தது. சுற்றிலும் பஸ்கள். என் எதிரில் நின்றவற்றில் பாதிக்கு மேல் அந்தச் சிவப்பு விளக்குப் பலகை. எனக்குக் கறுப்பின்மேல் ஏதோ பூச்சி ஊர்வதுபோல இருந்தது. மதுரை அம்மா, “எனக்குப் படிக்கத் தெரியாது சார், நீங்கதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டார். ஒடிசாப் பெண்ணுக்கு எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஆனால் தமிழ் படிக்க வராது.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு பஸ்ஸின் பலகையைப் பார்த்து, தெரிகிற முதல் எழுத்தை உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். நான் அதைப் படித்தேன். ‘ப’.

“பல்லடமா இருக்கும்” என்றேன்.

அடுத்த வண்டி. மறுபடியும் ‘ப’. “இதுவும் பல்லடம். இல்லாட்டிப் பழனி.” அடுத்ததில் ஒரு கொம்பு போட்டு, ‘ப’ போட்டு, பக்கத்தில் ஒரு கால் போட்டாள். “பொள்ளாச்சி.” கண் தெரிந்தவளும் எழுத்து தெரிந்தவனும் சேர்ந்து ஒரு முழு மனிதனாகிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமிதமாகக்கூட இருந்தது. இப்படி எழுத்துக்கூட்டி நாங்கள் நான்காவது பஸ்ஸுக்குப் போவதற்குள், மதுரை அம்மா அந்தப் பக்கமிருந்து பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“தாராபுரம் வண்டி இங்க நிக்குது. வெரசா வாங்க. அங்க என்ன கைரேகை பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

அவர் செய்தது ஒன்றுமில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் கைகாட்டியிருக்கிறார்.

தாராபுரத்தில் மாறுவதற்கும் அவரையே முன்னால் விட்டோம். வழியில் அவர் தன் மகளோடு போனில் பேசினார். “ஆமாடி, எங்க சாருக்குக் கண்ணு தெரியாதாம்ல, நாந்தான் கூட்டிட்டு வாரேன்” என்று சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது. அவ்வளவு தூரம் இல்லை என்று திருத்த நினைத்தேன். அன்றைய நடப்பைப் பார்த்தால் திருத்த எனக்கு யோக்கியதை இல்லை.

காங்கேயத்தில் ஒடிசாப் பெண்ணின் கணவன் வண்டியோடு காத்திருந்தான். சண்டைக்கு வருவானோ என்று நான் பேச்சைத் தயார் செய்துகொண்டு இறங்கினேன். அவள் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு தன் சட்டைக் காலரைத் தொட்டு, “அண்ணா, கோன்சா கலர்?” என்றான். ஒடிசாவிலும் இதே பரீட்சைதான் போலிருக்கிறது.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சாதத்தைப் போட்டாள். “ஏனுங்க, உடுமலை வரைக்கும் போனவரு, ஊட்டுக்கு நாலு தேங்காயாவது வாங்கிட்டு வந்திருக்கலாமில்லீங்க” என்றாள். என்னோடு அவள் குடித்தனம் நடத்துவது இப்படித்தான்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். அவர் காதுக்கு அதற்குள் இரண்டு விதமாகக் கதை போயிருந்தது. நான் ரகசியமாகச் சோதனைக்குப் போனதாக ஒன்று, உடுமலையில் யூனிட் தொடங்க இடம் பார்த்ததாக ஒன்று. நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல மேசையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டி நிறம் கேட்டார். சொன்னேன். அவர் ஃபைலைக் கீழே வைத்துவிட்டார்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்?”

“சொன்னனுங்க மேடம். கலர் விஷயம் மட்டும் கொஞ்சம்னு…”

அவர் யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். சிவப்பு போர்டையும் பச்சை போர்டையும் சேர்த்து செல்போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினார். இரண்டு வட்டமும் ஒரே சாம்பலாக நின்றன.

“உங்களுக்கு இப்படியா தெரியுது?”

“இவ்வளவு மோசமில்லீங்க. ஆனா ரெண்டும் அண்ணன் தம்பிதானுங்க.”

அவர் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாருக்கும் புரியும்னு சொன்னேன்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “இனிமே போர்டு எதுவா இருந்தாலும் நீங்க பாத்து ஓகே சொன்னாத்தான் பிரிண்ட் போகணும்” என்றார். நூல் ஸ்டோரிலிருந்து விரட்டப்பட்டவன், இப்படித்தான் நிறத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரி ஆனேன்.

நிறத்தோடு படமும் பெரிய எண்ணும் போடுவதென்று முடிவானது. உடுமலைக்குத் தென்னை மரம். வெள்ளகோவிலுக்குக் கோபுரம். பல்லடத்துக்கு என்ன என்று கேட்டபோது நான் யோசிக்காமல் “கோழிங்க” என்றேன். அந்தப் பக்கம் பண்ணைகள் அதிகம். படம் நன்றாகவே வந்தது. மூன்றாம் நாள் பல்லடத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் என் முன்னால் வந்து நின்றார்கள். “சார், எங்கள எல்லாரும் கோழிங்கறாங்க. கொக்கரக்கோன்னு சவுண்ட் உடறாங்க” என்றார்கள். அதை எடுத்துவிட்டு நூல்கண்டு வரையச் சொன்னோம். அது லட்டு மாதிரி வந்தது. இரண்டு நாளில் அவர்களே திரும்பி வந்து, லட்டுக்குக் கோழியே பரவாயில்லை என்றார்கள். இன்றைக்கும் அது கோழி பஸ்தான். யாரும் தப்பாக ஏறுவதில்லை. இந்திக்காரர்கள்கூட அதைக் ‘கோளி காடி’ என்கிறார்கள்.

புது போர்டு வைத்த ஒரு வாரம் கழித்து, மதிய நேரம், முதலாளி என் அறைக்கு வந்தார். அவர் மாமூலாக வருகிற இடம் இல்லை அது. நான் எழுந்து நின்றேன். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நாற்பது வருடமாகப் பனியன் தொழிலில் இருக்கிறவர். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணியின் நிறத்தைப் பார்த்து அவர் தலையசைக்காமல் ஒரு மீட்டர்கூடத் தையலுக்குப் போகாது.

“உனக்குக் கலர் தெரியாதாமே கண்ணு?”

“ஆமாங்க ஐயா.”

பேனாவை எடுத்துக் காட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எதையும் எடுக்கவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மருமக போன்ல ரெண்டு வட்டத்தையும் காமிச்சுது. கலரோட ஒண்ணு, கறுப்பு வெள்ளையில ஒண்ணு. எனக்கு ரெண்டு படமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருந்துச்சு.”

கதவு சாத்தியிருக்கிறதா என்று நான் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

“ஐயா, அப்ப ஷேட் அப்ரூவல் எல்லாம்…”

“பக்கத்துல நிக்கறவன் மொகத்தப் பாப்பேன்” என்றார். “துணியக் கையில எடுத்துட்டு, வெளிச்சத்துக்குப் போய், ரெண்டு தரம் திருப்பிப் பாப்பேன். அதுக்குள்ள எவனாச்சும் வாயத் தொறந்துருவான். கொஞ்சம் டல்லா இருக்குதுங்களான்னு கேப்பான். ஆமான்னு சொல்லிருவேன். நாப்பது வருசமா ஓடிருச்சு.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த முறையை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நான் இந்நேரம் நூல் ஸ்டோருக்கே மேனேஜர் ஆகியிருப்பேன்.

“ஊட்டுல யாருக்கும் தெரியாதுங்களா?” என்று கேட்டேன்.

“ஊட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். தெனமும் சட்டை எடுத்து வெக்கறதே அவங்கதானே. உனக்கு?”

“எனக்கும் அப்படித்தானுங்க.”

அவர் எழுந்து கதவுவரை போனார். ஏதோ தோன்றியவர்போல நின்று, தான் போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்தார். “இன்னைக்கு டீலர் மீட்டிங், அவசரத்துல நானே எடுத்துப் போட்டுட்டேன். இது பச்சையா, காவியா? காவி போடக் கூடாதுன்னு காலையில ஏதோ சொல்லிட்டு இருந்தாங்க.”

நான் அருகில் போய்ப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் வரச்சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் வெளிச்சத்தில் நின்று அந்தச் சட்டையைப் பார்த்தோம்.

“பச்சையாட்டத்தான் தெரியுதுங்க ஐயா” என்றேன்.

“எனக்கும் அப்படித்தான் தோணுது” என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அவர் மீட்டிங்குக்குக் கிளம்பிப் போனார்.